ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் சந்தேகப்படுங்கள்

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல், ஆயுர்வேத வைத்தியத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பரேனஸ் நெஃப்ரோபதி என்ற நோயோடு 22 பேர் வந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதாகி, உடம்புக்கு வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறிவிடும் நோய் இது. கால் வீங்கும், கண்ணைச் சுற்றி உப்பும், சிறுநீர் நுரைத்துப் போகும். 22 பேரில் 15 பேருக்கு இருந்தது நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புள்ள அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுப்பதற்கான க்ரீம் பூசி வந்தவர்கள். ஒருவருக்கு மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தது. க்ரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலோர் தேறினார்கள். மருத்துவர்கள் ரஞ்சித் நாராயணனும் சஜீஷ் சிவதாஸும், சென்னையைச் சேர்ந்த சிறுநீரகத் திசு ஆய்வாளர் அனிலா ஆபிரகாம் குரியனோடு சேர்ந்து இதைக் 'கிட்னி இன்டர்நேஷனல்' ஆய்விதழில் பதிவு செய்தார்கள்.

அழகுக்காகப் பூசிய ஒன்று சிறுநீரகத்தைப் பழுதாக்கியது என்பதுதான் இதன் சாரம். கோட்டக்கல்லில் நடந்தது ராமநாதபுரத்தில் நடக்காது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. இந்தக் கரையில் முகம் கறுப்பதற்கான காரணங்கள் அதிகம், தோல் மருத்துவர்கள் குறைவு, மருந்துக்கடைகள் பக்கத்தில். வளைகுடாவிலிருந்து ஊர் வருகிறவர்களின் பெட்டியில் சென்ட்டோடும் சாக்லேட்டோடும் பெயர் தெரியாத முகக் க்ரீம்களும் வந்து இறங்குகின்றன. இந்த எச்சரிக்கையை எழுத வேண்டியிருப்பது அதனால்தான்.

உச்சியில் நிற்கும் சூரியன்

ராமேஸ்வரம் நிலநடுக்கோட்டிலிருந்து 9.3 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவில், சித்திரை முதல் நாளை ஒட்டி, நண்பகலில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வரும். ஆகஸ்டு கடைசியில் மறுபடியும் வரும். இடைப்பட்ட மாதங்களிலும் அது உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. மெல்லிய மேகத்தை ஊடுருவி 90 சதவீதத்துக்கு மேல் புற ஊதாக்கதிர் இறங்கிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதக் கதிரைத் திருப்பி முகத்தில் அடிக்கும், கடல்நுரை சுமார் 25 சதவீதத்தை. தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் மிச்சமிருக்கும்.

இந்தக் கணக்கை இங்கே உழைக்கும் பெண்களோடு பொருத்திப் பாருங்கள். சின்னப்பாலத்திலும் பாரதிநகரிலும் இருந்து மரிக்கொழுந்துப் பாசியும் கட்டைக்கோரையும் எடுக்கப் போகிறவர்கள், சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கடலில் மூழ்கி எழுகிறார்கள். உடம்பு மூடியிருக்கிறது, முகம் மூடியில்லை. வாலிநோக்கத்தில் உப்பு வாருகிறவர்களுக்குக் கீழே விரிந்து கிடப்பது வெண்பரப்பு. மண்டபத்திலும் பாம்பனிலும் கருவாடு காயவைப்பவர்களுக்கு வெயில்தான் தொழிலே. படகில் போகும் ஆண்களுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் வெயில்.

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் படரும் பழுப்புத் திட்டைத்தான் மங்கு என்கிறோம். வெயில் இதற்கு முதல் காரணம், ஒரே காரணம் இல்லை. கர்ப்பகாலம், கருத்தடை மாத்திரை, குடும்பவாகு ஆகியவையும் சேர்கின்றன. கர்ப்பத்தில் வந்த மங்கு பிள்ளை பெற்ற சில மாதங்களில் தானே மங்கிப்போவதும் உண்டு. புற ஊதாக்கதிர் மட்டுமின்றிக் கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நிறத்தைக் கூட்டும் என்பது 2010-இல் வெளிவந்த ஆய்வுகளில் உறுதியானது. வெயிலில் நிற்கிற நேரம் குறையாத வரை, எத்தனை விலையுள்ள மருந்தைப் பூசினாலும் மங்கு திரும்பி வரும். எல்லா வைத்தியமும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோலின் வேகம் எவ்வளவு

மெலனின் என்ற நிறமி மேல்தோலின் அடி அடுக்கில் உண்டாகிறது. அங்கிருந்து அதைச் சுமந்து மேலேறும் செல்கள் உதிர்ந்துபோக ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். நிறமி உற்பத்தியை இன்றைக்கே குறைத்தாலும், ஏற்கெனவே ஏற்றப்பட்டது உதிர்ந்து முடிய வாரங்கள் வேண்டும். அதனால்தான் நேர்மையான எந்த வைத்தியமும் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு முன் பெரிதாகப் பலன் காட்டுவதில்லை. நிறமி அடித்தோல் வரை இறங்கியிருந்தால் இன்னும் தாமதமாகும், முழுக்கப் போகாமலும் இருக்கலாம்.

ஆகவே, ஒரு க்ரீம் ஏழு நாளிலோ பத்து நாளிலோ முகத்தை வெளுக்கச் செய்தால், அது தோலின் இயல்பான போக்கில் நடந்ததாக இருக்க முடியாது. உள்ளே வேறு ஏதோ வேலை செய்திருக்கிறது. அநேகமாக அது ஸ்டீராய்டு, இல்லையென்றால் பாதரசம். 'சீக்கிரம் கேட்டுச்சு' என்று நாம் மெச்சுகிற அந்த வேகமே ஆபத்தின் முதல் அடையாளம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் பெண்ணின் முகத்து மங்கு பலர் கண்ணையும் உறுத்துகிறது. மூன்று மாதம் ஆகும் என்று சொல்கிற மருத்துவரை விட்டுவிட்டுப் பத்து நாளில் பலன் தருகிற ட்யூபைத் தேடிப் போவது அப்போதுதான் நடக்கிறது. பெண்ணின் நிறத்தைப் பார்த்துப் பேரம் பேசுகிற வழக்கம்தான் இந்த வியாபாரத்தின் முதலீடு. அதையும் சேர்த்தே கண்டிக்க வேண்டும்.

ஸ்டீராய்டு ட்யூப்

ஸ்டீராய்டு பூசிய இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் வெளிறும். சில மணி நேரத்திலேயே இது தெரியும். 1962-இல் மெக்கன்ஸி, ஸ்டௌட்டன் என்ற இருவர் இந்த வெளிறலையே அளவுகோலாக்கினார்கள். எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு வீரியம் என்று ஸ்டீராய்டுகளைத் தரம் பிரிக்கும் முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மெடிக்கலில் வாங்கிய ட்யூப் முகத்தை உடனே பளிச்சென்று ஆக்கினால், மங்கு குணமாகிறது என்று பொருள் இல்லை. ரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

1975-இல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் மங்குக்கு மூன்று மருந்துக் கலவை ஒன்றை வெளியிட்டார்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்ஸாமெத்தசோன் மூன்றும் சேர்ந்தது அது. இதன் வழிவந்த கலவைகள் இன்றும் தோல் மருத்துவர்களின் கையில் பயனுள்ளவை. குறித்த வாரங்களுக்கு மட்டும், இரவில் மட்டும், கண்காணிப்போடு பூச வேண்டியவை. அமெரிக்காவில் இத்தகைய கலவைக்கு ஒப்புதல் கிடைத்தது எட்டு வாரப் பயன்பாட்டுக்குத்தான். இந்தியச் சந்தையில் மென்மையான ஸ்டீராய்டுக்குப் பதில் அதைவிட வீரியமான மொமெட்டசோன் சேர்த்த கலவைகள் வந்தன. 'அண்ணே, மங்குக்கு ஒரு ட்யூப் குடுங்க' என்றால் சீட்டு இல்லாமலே கைக்கு வந்தன. எட்டு வார மருந்து எட்டு வருட முகப்பூச்சாக மாறியது.

அதன் விளைவைத் தோல் மருத்துவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். இந்தியாவின் 12 மருத்துவ மையங்களில் முகத்தோல் கோளாறோடு வந்த 2,926 பேரை விசாரித்த ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள், அதாவது ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர். அந்த 433 பேரில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். சுமார் 29 சதவீதத்தினர் சிவப்பழகுக்காகவோ சாதாரண முகக் க்ரீமாகவோ பூசியவர்கள்.

மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிகிறது. கன்னத்தில் செந்நிற ரத்தக் குழாய்க் கோடுகள் தெரிகின்றன. பருக்கள் கிளம்புகின்றன. பெண்களின் கன்னத்திலும் மோவாயிலும் முடி வளர்கிறது. வெயில் பட்டால் எரிகிறது. கண்ணோரம் நெடுநாள் பூசினால் கண்ணழுத்தமும் கண்புரையும் வரக்கூடும். விட்டுவிட நினைத்துப் பூசாமல் இருந்தால் முகம் சிவந்து, வீங்கி, தீயாய் எரியும். மறுபடி பூசினால் அடங்கும். அதனால் விட முடியாது. பூச்சு ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று இதைத் தனி நோயாகவே தோல் மருத்துவர்கள் வகைப்படுத்தியிருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு, மறைக்கப் போன மங்கு முன்னைவிடக் கறுத்து நிற்கும்.

ஈரச் சேலையோடும் ஈரக் கைலியோடும் நெடுநேரம் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வரும் படர்தாமரைக்கு, ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கிருமிக்கொல்லியும் கலந்த ட்யூபைப் பூசுகிறார்கள். அரிப்பு அன்றே நின்றுவிடும். பூஞ்சை சாகாமல் பரவி, ஆறினாலும் அடர்ந்த கருந்தழும்பை விட்டுச் செல்லும். இந்தியாவில் கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளாகப் படர்தாமரை மருந்துக்கு அடங்காமல் பெருகியதற்கு இத்தகைய கலவைகளும் ஒரு காரணம் என்பது தோல் மருத்துவர்களின் கருத்து.

2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. இந்த அட்டவணையில் உள்ளதை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். சட்டம் இருக்கிறது. அது வேலை செய்வது கடைக்காரரின் மனச்சாட்சியையும் வாங்குகிறவரின் விழிப்பையும் பொறுத்தது.

பாதரசம்

நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியைப் பாதரசம் முடக்கும். அதற்கு மலிவும் வேகமும் உண்டு என்பதால் சிலர் கலக்கிறார்கள். 1972-இலேயே கென்யாவின் நைரோபியில் சிறுநீரகக் கோளாறோடு வந்த நோயாளிகளில் பலர் பாதரசம் கலந்த வெளுப்புக் க்ரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். அரை நூற்றாண்டு கழித்துக் கோட்டக்கல்லில் அதே கதை.

இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி, கண்ணுக்கான பூச்சுகள் தவிர்த்த மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பாதரசத்துக்கு எதிரான உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையும் அதே வரம்பைத்தான் வைத்திருந்தது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் அந்தச் சலுகையையும் நீக்கி, 2025-க்குள் பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை அடியோடு ஒழிக்க முடிவெடுத்தன.

விதிக்கும் சந்தைக்கும் உள்ள தூரத்தைக் கேரளத்தில் பார்க்கலாம். அங்கே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற சோதனையைத் தொடங்கியது. 2025 தொடக்கத்தில் நடந்த அதன் மூன்றாம் கட்டத்தில், சில பொருட்களில் வரம்பைப் போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக அரசே அறிவித்தது. அந்த அளவில் 30 கிராம் க்ரீம் ஒன்றில் 360 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். வீட்டில் காய்ச்சல் பார்க்க வைத்திருந்த பழைய தெர்மாமீட்டரில் இருந்ததில் ஏறத்தாழப் பாதி அது. தெர்மாமீட்டர் உடைந்தால் பிள்ளைகளைக் கிட்டே விடாத நாம், அதையே தினமும் முகத்தில் தேய்ப்பதா?

2019 இறுதியில் பாகிஸ்தான் அரசு தன் நாட்டில் விற்கும் 59 வெளுப்புக் க்ரீம்களைச் சோதித்தது. அவற்றில் 56-இல் பாதரசம் வரம்பை மீறியிருந்தது. அங்கு செய்யப்படும் க்ரீம்கள் பல நாட்டுச் சந்தைகளில் விற்கின்றன. அப்படிக் கைமாறி வரும் க்ரீமை 'ஃபாரின் சரக்கு' என்ற மதிப்போடு நாம் வாங்கிப் பூசிக்கொள்கிறோம்.

தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தில் தங்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மறதி ஆகியவை நரம்பைத் தொட்டதன் அடையாளங்கள். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போகும். பூசியவரின் துண்டிலும் தலையணையிலும் ஒட்டி, பூசாத பிள்ளைகளின் உடம்புக்கும் போகும். ஒரு வீட்டில் ஒருவர் பூசினால் மொத்த வீடும் பங்கு கொள்கிறது.

நாட்டு மருந்து என்பதாலேயே பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். நெல்-1 வகைச் சிறுநீரக நோயாளிகள் 91 பேரைப் பற்றி அனிலா குரியன் உள்ளிட்டோர் 2022-இல் எழுதிய ஆய்வில், 29 பேர் பாரம்பரிய மருந்து எடுத்தவர்கள் என்று தெரியவந்தது. ரசம் எனப்படும் பாதரசம் சேர்ந்த மருந்தைத் தகுதி பெற்ற சித்த மருத்துவரின் கையிலன்றி வாங்கக் கூடாது.

வெயிலோடு சேர்ந்தால் சுடும் சரக்குகள்

எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்பளிக்கும், பிறகு மாதக்கணக்கில் கருந்தழும்பு நிற்கும். அதிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள் வெயிலைப் பிடித்துத் தோலைச் சுடுகிறது. குளியல் பொடியில் சிலர் சேர்க்கும் கார்போக அரிசியில் இதே குடும்பத்தைச் சேர்ந்த சோரலென் இருக்கிறது. வெண்புள்ளியில் நிறத்தைத் திரும்ப வரவழைக்க, வெயிலோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மருந்து அது. அதாவது தோலைக் கறுக்க வைக்கும் சரக்கு. அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு ராமேஸ்வரம் வெயிலில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மருவையும் கரும்புள்ளியையும் எரிக்கச் சேங்கொட்டைப் பாலை வைப்பவர்களும் இருக்கிறார்கள். தோல் புண்ணாகி, புள்ளி இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய தழும்பு மிஞ்சும்.

மங்கு மாதிரி இருக்கும், மங்கு இல்லை

கண்டதைப் பூசுவதால் நேரும் பெரிய நஷ்டம், உண்மையான நோய் மறைந்துபோவது. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் அது அழுக்கும் அல்ல, மங்கும் அல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. அதற்கு வேண்டியது தேய்த்துக் குளிப்பதல்ல, சர்க்கரைப் பரிசோதனை. விரல் கணுக்கள் கறுத்து, நாக்கு எரிந்து, கால் மரத்தால் பி12 சத்துக் குறைவாக இருக்கலாம். உடம்பு முழுதும் கறுத்து, எடை குறைந்து, எழுந்தால் தலை சுற்றினால் அட்ரினல் சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். வலி மாத்திரையோ கிருமிக்கொல்லி மாத்திரையோ போடும்போதெல்லாம் ஒரே இடத்தில் வட்டமாய்ச் சிவந்து, பிறகு கறுத்தால், அந்த மாத்திரை உங்களுக்கு ஒவ்வாது.

நெற்றியோரமும் காதோரமும் கறுப்பதற்குத் தலைச்சாயம் காரணமாகலாம். பொட்டு வைக்கும் இடத்தில் கறுப்பதற்குச் சாயம் கலந்த குங்குமமும், வெளுப்பதற்கு ஸ்டிக்கர் பொட்டின் பசையும் காரணமாகலாம். பொருளை மாற்றாமல் க்ரீம் பூசி என்ன பயன்? உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகத் தோன்றி அகலமாகும் கறுப்பைத் தள்ளிப்போடவே கூடாது. நம் நிறத்தாருக்கு மெலனோமா என்ற தோல் புற்று அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டில் உணர்ச்சி இல்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்தால் 6 அல்லது 12 மாதங்களில் முழுக்கக் குணமாகும். ஸ்டீராய்டு பூசினால் திட்டு தற்காலிகமாக மங்கி, நரம்பு உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கும். அந்தக் கூட்டு மருந்திலுள்ள க்ளோஃபாஸிமைன் சாப்பிடும் காலத்தில் தோலைக் கறுக்க வைக்கும். மருந்து முடிந்த பின் சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும். நிறத்துக்குப் பயந்து அந்த மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

உண்மையில் உதவுவது

முதல் மருந்து நிழல். பாசி எடுப்பவர்களுக்கும் உப்பளத்தாருக்கும் அகலமான பனையோலைத் தொப்பியும், முகத்தைச் சுற்றிக் கட்டும் பருத்தித் துணியும் எந்தக் க்ரீமைவிடவும் மேலானவை. தண்ணீரில் கரையாது, இரண்டு மணிக்கொரு முறை பூச வேண்டியதில்லை. மற்றவர்கள் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழுநீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, இரண்டு மணிக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயமுள்ள வகைதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். மங்குக்கு ஏற்றது அதுவே. கடலில் இறங்குகிறவர்கள் துத்தநாக ஆக்சைடு வகையைத் தேடலாம். பவளத்துக்குக் கேடு என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் சேர்த்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2018-இல் சட்டமியற்றித் தடுத்தது. மன்னார் வளைகுடாவும் பவளக் கடல்தான்.

அடுத்தது, என்ன நோய் என்று தெரிந்துகொள்வது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் இந்தக் கரைக்காரர்கள் செலவில்லாமல் போகக்கூடிய இடங்கள். தோல் மருத்துவர் வுட்ஸ் விளக்கு வைத்து நிறமி மேலே இருக்கிறதா, ஆழத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். அஸெலாயிக் அமிலம், குறித்த காலத்துக்கு ஹைட்ரோகுவினோன், தேவைப்பட்டால் மூன்று மருந்துக் கலவை என்று படிப்படியாகப் போவார். ஹைட்ரோகுவினோனைக்கூட ஆண்டுக்கணக்கில் பூசினால், ஓக்ரோனோசிஸ் என்ற அழியாத நீலக்கருமை வரக்கூடும். தென்னாப்பிரிக்காவில் 1975-இல் இது முதலில் கண்டறியப்பட்டது. 1990-இல் அந்த நாடு அழகுப் பொருட்களில் ஹைட்ரோகுவினோனையே தடை செய்தது. கர்ப்பிணிகளுக்கு ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் கூடாது.

ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரை சிலருக்கு நல்ல பலன் தருகிறது. அது உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்து. காலில் ரத்தக்கட்டி வந்தவர்களும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் அதைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. லேசர் என்றதும் நம்பிக்கை வைப்பவர்கள், மாநிறத் தோலில் அது மங்கைக் கூட்டிவிடுவதும் வெண்புள்ளிகளை விடுவதும் உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். நிறத்துக்காகப் போடும் குளுட்டாதயோன் ஊசிக்கு இந்தியாவில் அனுமதி கிடையாது. அதன் ஆபத்துகளைப் பற்றிப் பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. எச் அட்டவணை என்ற எச்சரிக்கையோ சிவப்புக் கோடோ இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாதது. தயாரித்தவரின் முகவரி, உரிம எண், சேர்மானப் பட்டியல் இவற்றில் ஏதாவது இல்லையென்றால் பூசாதீர்கள். சேர்மானத்தில் காலமெல், மெர்க்குரிக் என்ற சொற்கள் இருந்தாலோ, தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாலோ அதில் பாதரசம் உண்டு. பெயரே போடாத டப்பாவில், அழகுநிலையத்தில் கலந்து தருவதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசி வருகிறவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல், ட்யூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைத்து வெளியே கொண்டுவர அவருக்குத் தெரியும். பாதரசம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அந்தக் க்ரீமை இன்றே நிறுத்துங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வையுங்கள். கடலிலோ வீட்டுக் குப்பையிலோ போடாமல், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் புகாரோடு கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எளிய சோதனைதான். கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

மங்கால் யாருக்கும் உயிர் போனதில்லை. அதைப் போக்க விற்கப்படும் பொருட்களால் சிறுநீரகம் கெட்டவர்கள் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறார்கள். மூன்று மாதம் பொறுக்கச் சொல்லும் மருத்துவரை நம்புங்கள். பத்து நாளில் முகத்தை மாற்றிக் காட்டுகிறேன் என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.